நாலு வயதுக்கும் ஒன்பது வயதுக்கும் பொருந்தும் பூங்கா எது?

அரையாண்டுத் தேர்வு விடுமுறைக்கு அண்ணனின் குழந்தைகள் இருவரும் சென்னை மந்தைவெளியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் தங்குவது வழக்கம். மூத்தவளுக்கு 9 வயது, இளையவனுக்கு 4. வந்த மறுநாள் காலையிலேயே “அத்தை, எந்தப் பார்க்குக்குப் போறோம்?” என்ற கேள்வி எழுந்துவிடும். அதற்கு அவசரத்தில் ஏதோ ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, ஆட்டோவிலும் டிக்கெட் வரிசையிலும் பாதி நாளைத் தொலைத்த அனுபவம் எனக்கு இரண்டு மூன்று முறை உண்டு. எனவே இந்த முறை, நகரத்துக்குள் நாங்கள் போகக்கூடிய பூங்காக்களைச் சற்று நிதானமாக ஒப்பிட்டுப் பார்த்தேன். முழங்கால் வலியுள்ள என் அம்மாவும் உடன் வருவார் என்பதால், அவர் உட்கார இடம் இருக்கிறதா என்பதும் கணக்கில் சேர்ந்தது.

வண்டலூரை முதலிலேயே நீக்கிவிட்டேன். 1985இல் திறக்கப்பட்ட அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா 602 ஹெக்டேர் பரப்புள்ளது. அதை நடந்து பார்ப்பது ஒரு முழு நாளைக் கேட்கும் வேலை. சென்ற ஆண்டு அங்கே போனபோது, வெள்ளைப் புலியின் முன்னால் பையன் நின்றது அரை நிமிடம்தான். குடிநீர்க் குழாயின் அடியில் தேங்கிய நீரில் ஒரு கட்டெறும்பு விழுந்து தத்தளிப்பதையும், அது ஒரு சருகைப் பற்றிக்கொண்டு கரை ஏறுவதையும் அவன் பத்து நிமிடம் குந்தி உட்கார்ந்து பார்த்தான். இவ்வளவு தூரம் வந்து, டிக்கெட்டும் வாங்கியாயிற்று, இன்னும் யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் பாக்கி இருக்கின்றன என்று அவன் கையைப் பிடித்து இழுத்தது நான்தான். எறும்பு என்ன ஆயிற்று என்று அவன் திரும்பும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான்.

அன்றுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. நுழைவுக் கட்டணமும் நீண்ட பயணமும் குழந்தையைப் பாதிப்பதைவிடப் பெரியவரையே அதிகம் பாதிக்கின்றன. காசு கொடுத்த பிறகு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற கணக்கு நம் மனத்தில் ஓடத் தொடங்குகிறது. குழந்தைக்கு அந்தக் கணக்கு தெரியாது. அதற்கு ஓர் ஊஞ்சல் போதும் என்றால் அந்த ஊஞ்சல்தான் அன்றைய தினம். ஆகவே கீழே வரும் ஒவ்வொரு பூங்காவைப் பற்றியும் நான் கேட்டுக்கொண்ட முதல் கேள்வி இது: அரை மணி நேரத்தில் குழந்தை ‘போதும், வீட்டுக்குப் போகலாம்’ என்று சொன்னால், அல்லது இரண்டு மணி நேரம் ஒரே இடத்தை விட்டு நகர மறுத்தால், எனக்கு எரிச்சல் வருமா, வராதா?

எரிச்சலே வராத இடம் லஸ்ஸில் இருக்கும் நாகேஸ்வர ராவ் பூங்கா. அமிர்தாஞ்சன் நிறுவனத்தைத் தொடங்கியவரும் ‘ஆந்திர பத்திரிகை’யை நடத்தியவருமான காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலுவின் பெயரைத் தாங்கியது அது. எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம். சென்னை மாநகராட்சியின் எல்லைக்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான பூங்காக்களில் பெரும்பாலானவற்றைப் போலவே இதற்கும் கட்டணம் கிடையாது. மெட்ரோ ரயில் பணிக்காக லஸ் பகுதியில் பாதைகள் அடிக்கடி மாற்றப்படுவது ஒன்றே குறை. நடைப்பயிற்சிக்கு வருவோர், பெஞ்சில் நாளிதழ் படிக்கும் பெரியவர்கள், பாட்டிமார் என்று எந்நேரமும் ஆள் நடமாட்டம் இருப்பதால், குழந்தை இரண்டு அடி விலகி ஓடினாலும் நெஞ்சு பதறுவதில்லை. அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே விளையாட்டுப் பகுதியைப் பார்க்க முடிகிறது. சொல்லப்போனால், அவருக்கு அங்கே என்னைவிட அதிகம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

நாலு வயதுக் குழந்தைக்கு வேண்டியவை ஓர் ஊஞ்சல், உயரம் குறைந்த ஒரு சறுக்குமரம், கையால் அள்ள மணல் அல்லது சருகு. இவ்வளவும் இங்கே உண்டு. மாலை ஐந்து மணிக்கு மேல் கூட்டம் சேரும்போது ஊஞ்சலுக்கு வரிசை நிற்கும். அப்போது குழந்தைகள் தாங்களாகவே ஒரு சட்டம் போட்டுக்கொள்கிறார்கள்: இருபது ஆட்டம் ஆனதும் இறங்க வேண்டும். ஊஞ்சலில் இருப்பவன் “ஒண்ணு... ரெண்டு...” என்று இழுத்து இழுத்து எண்ண, கீழே காத்திருப்பவள் “பத்து பதினொண்ணு பன்னெண்டு” என்று மூச்சுவிடாமல் எண்ண, கடைசியில் யாருடைய கணக்கு சரி என்ற வழக்கு எங்களிடம் வரும். மூன்றாம் நாள் அந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கியிருப்பார்கள். கட்டணப் பூங்காவில் இது நடப்பதை நான் பார்த்ததில்லை. அங்கே யாரும் மறுநாள் வருவதில்லையே.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் சிறுவர் சிறுமியர் ஒலிபெருக்கி இல்லாமல் பாடும் கச்சேரி இந்தப் பூங்காவில் பல ஆண்டுகளாக நடந்து வந்திருக்கிறது. தன் வயதுப் பிள்ளை ஒன்று கால்மேல் கால் மடித்து உட்கார்ந்து தாளம் போட்டுப் பாடுவதை மூத்தவள் அப்படியே நின்று கேட்டாள். அதே நேரத்தில் இளையவன் தூங்குமூஞ்சி மரக் காய் ஒன்றை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கிக்கொண்டிருந்தான். பொழுது சாயும்போது அந்த மரத்தின் இலைகள் மடிந்து தூங்கிவிடும் என்று அவனிடம் சொன்னதிலிருந்து, மாலையில் வீட்டுக்குக் கிளம்ப வைப்பது எளிதாகிவிட்டது. மரம் தூங்கினால் நாமும் போக வேண்டும் என்பது இப்போது எங்கள் வீட்டுச் சட்டம்.

ஆனால் ஒன்பது வயதுக்காரிக்கு இந்தப் பூங்கா ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஊஞ்சல் அவளுக்குச் சிறியது. சறுக்குமரத்தில் ஏறினால் “இது சின்னப் பசங்களுக்கு” என்று இன்னொரு குழந்தையின் அம்மா பார்வையாலேயே சொல்லிவிடுகிறார். ஏறுவதற்கும், கண்டுபிடிப்பதற்கும், வீட்டுக்குப் போய்ச் சொல்வதற்கும் ஏதாவது வேண்டும் என்ற வயது அது. அங்கேதான் அண்ணா நகர் டவர் பூங்கா போட்டிக்கு வருகிறது.

டாக்டர் விசுவேசுவரய்யா கோபுரம் 1968இல் சென்னையில் நடந்த வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்டது. 135 அடி உயரம், 12 அடுக்குகள். மேலிருந்து குதித்துத் தற்கொலை செய்துகொண்ட துயர நிகழ்வுகளுக்குப் பிறகு 2011இல் மேலே ஏறுவது தடை செய்யப்பட்டு, பாதுகாப்புக் கம்பிகள் பொருத்தப்பட்டுச் சுவரில் ஓவியங்கள் தீட்டப்பட்ட பின் 2023இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடையில் பன்னிரண்டு ஆண்டுகள் அந்தப் பூங்காவில் வளர்ந்த குழந்தைகள், நடுவில் நிற்கும் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடியே பெரியவர்களாகியிருப்பார்கள். சுற்றிச் சுற்றி ஏறும் பாதையில் ஒவ்வொரு சுற்றுக்கும் கீழே இருக்கும் மனிதர்கள் சிறிதாவதையும், மரங்களின் உச்சி கண் மட்டத்துக்கு வருவதையும் ஒரு ஒன்பது வயதுப் பிள்ளை பார்க்கும்போது அதற்கு யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. இறங்கிய பிறகு கீழே 15 ஏக்கருக்கு மரநிழலும் புல்வெளியும் விளையாட்டுப் பகுதியும் இருக்கின்றன.

எங்களுக்குள்ள சிக்கல் தூரம். மந்தைவெளியிலிருந்து ஏஜி-டிஎம்எஸ் வரை ஆட்டோ, அங்கிருந்து சென்ட்ரல் வரை நீல வழித்தடம், அங்கே இறங்கிப் பச்சை வழித்தடத்துக்கு மாறி அண்ணா நகர் டவர் நிலையம் என்று மூன்று கட்டமாகப் போக வேண்டும். குழந்தைகளுக்கு இதுவே பாதி உல்லாசம் என்பது உண்மை. சென்ட்ரலில் பூமிக்கடியிலிருந்து மேலேறும் நகரும் படிக்கட்டை அவர்கள் மூன்று முறை சுற்றி வர விரும்பினார்கள். மெட்ரோவில் 90 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. எங்கள் பையன் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டான், அதில் அவனுக்குப் பெருமையும் உண்டு. ஆனால் அம்மாவால் இந்த மாறுதல்களையெல்லாம் செய்ய முடியாது, கோபுரமும் ஏற முடியாது. நாலு வயதுக்காரன் ஐந்தாவது சுற்றில் ‘தூக்கு’ என்பான்; பதினைந்து கிலோவைத் தூக்கிக்கொண்டு மீதி ஏழு சுற்று ஏறுவது யார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். எனவே டவர் பூங்கா நல்ல தேர்வுதான், ஆனால் அது மூத்தவளுக்கு மட்டுமான தேர்வு. அண்ணா நகர், ஷெனாய் நகர், திருமங்கலம் பக்கம் வசிப்பவர்களுக்கு இந்த வாதம் அப்படியே தலைகீழாகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கு இதுதான் தெருமுனைப் பூங்கா.

இருவரின் வயதுக்கும் ஒரே நாளில் ஈடு கொடுக்கக்கூடியது கிண்டி சிறுவர் பூங்கா. 270 ஹெக்டேர் அளவுள்ள கிண்டி தேசியப் பூங்காவின் ஓரத்தில், சர்தார் படேல் சாலையில் இது இருக்கிறது. ஒரு மாநகரத்தின் நடுவே இத்தனை பெரிய காடு மிஞ்சியிருப்பதே வியப்பு. ஒரு காலத்தில் ஆளுநர் மாளிகையைச் சேர்ந்த வனமாக இருந்ததால்தான் அது தப்பியது. அந்தக் காட்டில் புள்ளிமானும் வெளிமானும் இன்றும் வாழ்கின்றன. இரலை என்று பழைய பாடல்கள் சொல்லும் மான் இந்த வெளிமான்தான். ஆணுக்குக் கருத்த முதுகும் திருகிய கொம்பும் இருக்கும், பெண்ணுக்கு வெளிர் பழுப்பு நிறம். மூத்தவள் ஒரே மந்தையில் எது ஆண், எது பெண் என்று பிரித்துச் சொல்லக் கற்றுக்கொண்டாள். இளையவனுக்கு மான் என்பது ‘கொம்பு வச்ச மாடு’தான், ஆனாலும் வேலியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். பறவைகளும் ஆமையும் பார்க்கக் கிடைக்கும். 2024இல் புதுப்பிக்கப்பட்ட பிறகு நடைபாதைகளும் விளையாட்டுப் பகுதியும் முன்பைவிட வசதியாக இருக்கின்றன. மிருகக்காட்சிச் சாலையும் விளையாட்டிடமும் ஒரே மதிலுக்குள் இருப்பதால், ஒருவன் ஊஞ்சலுக்கும் ஒருத்தி பறவைகளுக்கும் என்று பிரிந்தாலும் பெரியவர்கள் இரண்டு பேர் இருந்தால் சமாளித்துவிடலாம்.

இதை ஒட்டியே பாம்புப் பண்ணை இருக்கிறது. 1972இல் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கியது, தனிக் கட்டணம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்து வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது ஒன்பது வயதுப் பிள்ளைக்கு உண்மையான ஆதாயம். அவளுடைய வகுப்பில் எல்லாப் பாம்பும் நஞ்சுள்ளது என்று அடித்துப் பேசியவனை அவள் அடுத்த வாரமே மடக்கினாளாம். நாலு வயதுக்கு மட்டும் அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. அசையாமல் கிடக்கும் மலைப்பாம்பைப் பார்த்து “இது பொம்மை” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்பான். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும் என்ற ஆசையைத்தான் இங்கே அடக்க வேண்டியிருக்கிறது. பக்கத்தில்தானே, வந்ததே வந்தோம் என்று தொடங்குவது நம் வழக்கம். மூன்றாவது மணி நேரத்தில் இரண்டு குழந்தைகளும் அழுவார்கள், அதில் ஒன்றுக்கு என்ன காரணம் என்று அதற்கே தெரியாது.

கிண்டியின் குறைகளையும் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை விடுமுறை, பாம்புப் பண்ணைக்கும் வண்டலூருக்கும்கூட அதே கிழமைதான் விடுமுறை என்பதால், செவ்வாயன்று கிளம்பினால் மூன்று இடத்திலும் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள். பண்டிகை விடுமுறை நாட்களில், குறிப்பாகக் காணும் பொங்கலன்று, அங்கே கூடும் கூட்டத்தில் சிறு குழந்தையைக் கொண்டுபோவதை நான் நினைக்கவே மாட்டேன். கிண்டி வனத்தில் குரங்குகளும் உண்டு என்பதால் சாப்பாட்டுப் பையை எங்கே வேண்டுமானாலும் பிரிக்க முடியாது. மேலும், இது காட்டை ஒட்டிய இடம். மாலை மங்கும் நேரத்தில் கொசு அதிகம். காலையிலேயே போய் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புவதுதான் முறை.

கதீட்ரல் சாலையில் எதிரெதிரே இருக்கும் இரண்டு பூங்காக்களைப் பற்றி நீட்டிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. பழைய டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் உணவகம் இருந்த இடத்தில் 2010இல் திறக்கப்பட்ட செம்மொழிப் பூங்கா, செடிகொடிகளைப் பார்க்க வரும் பெரியவர்களுக்கு அழகான இடம். மலர்க் கண்காட்சி நடக்கும் நாட்களில் அம்மாவை அழைத்துப் போவேன். குழந்தைக்கு அங்கே கேட்கும் சொல் பெரும்பாலும் ‘தொடாதே’ என்பதுதான். எதிரே 2024 அக்டோபரில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா வேறு வகை. ஆகாயத்தில் கம்பியில் தொங்கிச் செல்லும் ஜிப்லைன், பறவையகம், இசை நீரூற்று என்று பல ஈர்ப்புகள் உண்டு. திறந்தபோது நுழைவுக்குப் பெரியவருக்கு 100 ரூபாய், சிறுவருக்கு 50 ரூபாய் என்று இருந்தது. உள்ளே பலவற்றுக்குத் தனித்தனிக் கட்டணம். பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு, ஆண்டுக்கு ஒருமுறை, பிறந்தநாள் போன்ற ஒரு நாளுக்கு இது பொருந்தும். எங்கள் வீட்டுக்கு வராது. ‘இவ்வளவு கொடுத்தோமே’ என்று நான் மனத்துக்குள் கூட்டிக்கொண்டே நடப்பேன் என்பது எனக்கே தெரியும்.

எந்தப் பூங்காவாக இருந்தாலும் இரண்டு விஷயங்களை நான் போனவுடன் பார்க்கிறேன். முதலாவது கழிப்பறை. ஒரு பெரிய பூங்காவில் (பெயர் வேண்டாம்) குழந்தையைத் தூக்கிக்கொண்டு கழிப்பறைக்கு ஓடி, பூட்டியிருந்த கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து முடிப்பதற்குள் விசாரணைக்கே தேவை இல்லாமல் போய்விட்டது. அன்றிலிருந்து மாற்று உடை ஒன்று என் பையில் நிரந்தரமாக இருக்கிறது. இரண்டாவது ஊஞ்சல். சங்கிலி மேலே மாட்டியிருக்கும் கொக்கி தேய்ந்திருக்கிறதா, பலகையில் ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஒருமுறை கையால் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவேன். டிசம்பரில் கூடுதலாக இன்னொன்று: ஊஞ்சலின் அடியில் கால் தேய்த்துத் தேய்த்து விழுந்த பள்ளத்தில் மழைநீர் தேங்கி நிற்கும். அதில் செருப்போடு கால் வைத்துச் சளக்கென்று அடிப்பது நாலு வயதுக்கு ஊஞ்சலைவிடப் பெரிய இன்பம் என்பதால், அங்கே போகாதே என்று சொல்லிப் பயனில்லை. மே மாதத்தில் வருகிறவர்கள் தகரச் சறுக்குமரத்தின் மீது முதலில் தம் உள்ளங்கையை வைத்துப் பார்க்கட்டும்.

நேரமும் ஒரு கணக்கு. டிசம்பர் கடைசியில் சென்னையில் மாலை ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. நாலரைக்குக் கிளம்பினால்தான் ஒரு மணி நேர வெளிச்சமாவது கிடைக்கும். கோடை விடுமுறையில் ஆறரை வரை வெளிச்சம் இருக்கும், பிற்பகலில் கடற்காற்று எழுந்துவிட்டால் மயிலாப்பூர்ப் பக்கம் மாலை தாங்கக்கூடியதாகிவிடும். ஆகவே, தூரத்துப் பூங்காவுக்குக் காலை, பக்கத்துப் பூங்காவுக்கு மாலை என்று பிரித்துக்கொள்வதே இரண்டு பருவத்துக்கும் ஒத்துவருகிறது.

இப்படிப் பார்த்த பிறகு, ஒரு பூங்காவைத் தேர்ந்தெடுக்கும் எண்ணத்தையே கைவிட்டேன். வாரத்தின் மாலைகளில் நாகேஸ்வர ராவ் பூங்கா: சுண்டல் டப்பாவும் தண்ணீர்க் குப்பியும் போதும், எந்தத் திட்டமும் வேண்டாம், பையன் முழுப் பொழுதையும் ஒரு குட்டையில் கழித்தாலும் சரி. மூத்தவளுக்கு மட்டும் ஒரு பிற்பகல் டவர் பூங்கா, அன்று தம்பி பாட்டியோடு வீட்டில் தூங்குவான். அவனுக்குத் தெரியாமல் கிளம்புவதுதான் அதில் கடினமான பகுதி. புதன்கிழமை காலை நால்வருமாகக் கிண்டிக்குப் போகிறோம். பாம்புப் பண்ணை இந்த முறை கிடையாது என்று மூத்தவளிடம் இன்றே சொல்லி, அவளும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ஒப்புக்கொண்டிருக்கிறாள். அம்மா தன் மடக்கு நாற்காலியைத் தூசி தட்டி வாசலில் வைத்துவிட்டார். அங்கே எறும்பு இருக்குமா என்று பையன் கேட்டான். இருக்கும் என்று சொல்லியிருக்கிறேன், இந்த முறை இழுக்கமாட்டேன் என்றும்.